இக்னேஷியஸ் எழுதிய குலுக்கல்

ஞானகுமாரிக்குக் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இக்னேஷியஸ் ஃபங்ஷன் பாயின்டர் படித்தான். சி மொழிப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை அதற்கு முன் யாரும் காதலுக்காகத் திறந்ததாகத் தகவல் இல்லை. பாஸ் ஆவதற்காகத் திறந்தவர்களே குறைவு.

ஆள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் எஞ்சினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டு. வீடு பட்டாபிராமில். வருஷம் 1995. பங்குக் கோயிலின் இளைஞர் குழுவில் மொத்தம் இருபத்து நான்கு பேர். 'இளைஞர்' என்ற சொல்லைக் கோயில் தாராள மனதோடு பயன்படுத்தியது. பாடற்குழுவை நடத்தும் சகாயமேரி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தலைவர் ஜேசுராஜ் அண்ணன், ஆவடியில் ஃபிட்டர். சிரித்தால் பதவி போய்விடும் என்று நம்புகிறவர்.

ஞானகுமாரி ஆவடி ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தாள். அவளோடு நாலு வார்த்தை பேசலாம் என்று இக்னேஷியஸ் அந்த பூத்துக்குப் போய்ப் போய், போன் போடுவதற்கு உறவினர்கள் தீர்ந்துபோனார்கள். கடைசியில் திருச்சி சித்தப்பாவுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை போட்டு, "சும்மாதான் சித்தப்பா" என்றான். சித்தப்பா பயந்துபோய் ராத்திரி ரயில் பிடித்து வந்துவிட்டார். ஞானகுமாரியோடு பேசிய வார்த்தைகள் அதுவரை மொத்தம் இரண்டு: "திருச்சி", "சில்லறை".

இந்த நிலையில்தான் டிசம்பர் நெருங்கியது. டிசம்பர் வந்தால் குழுவில் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் விளையாட்டு. சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நீங்கள் ரகசிய ஃப்ரெண்ட். அவருக்கு ஒரு கட்டளையை எழுதி, உங்கள் பெயர் போடாமல் பிஸ்கட் டின்னில் போடலாம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் எடுத்து வாசிப்பார். கட்டளை வந்தவர் அதைச் செய்தே தீர வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, கையில் பரிசோடு எழுந்து, "உன் ஃப்ரெண்ட் நான்தான்" என்று வெளிப்பட வேண்டும். அதுவரை சீட்டில் யார் பெயர் என்று மூச்சு விடக் கூடாது, பெற்ற தாயிடம்கூட. பங்கு மக்கள் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்த ஒழுங்கைப் பார்த்து, ஆண்டவர் கொடுத்த பத்துக் கட்டளையும் எப்போது இப்படி ஆகும் என்று ஃபாதர் சவரிமுத்து ஏங்கியது உண்டு.

முந்தைய வருஷம் ஓர் ஊழல் நடந்திருந்தது. ஒருவன் தனக்கு வேண்டிய பெண்ணின் சீட்டில் மல்லிகை வாசனைப் பவுடரைத் தடவிவிட்டு, டின்னுக்குள் மூக்கை விட்டு எடுத்தான். விஷயம் கசிந்து, பின்னால் வந்தவர்களும் முகர்ந்தே எடுத்தார்கள். இரண்டு பேருக்குத் தும்மல் நிற்கவில்லை.

"இந்த வருசம் டின்னும் வாணாம், மூக்கும் வாணாம்," என்றார் ஜேசுராஜ் கூட்டத்தில். "நம்பகமா ஒரு வழி சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல குலுக்கலாம் அண்ணே," என்றான் இக்னேஷியஸ். "அதுக்கு இவன் வேண்டியவன், அவன் வேண்டாதவன்னு ஒண்ணும் கெடையாது."

"அத்த ஓட்டறது நீதான?"

"நான் பட்டன் மட்டும்தான் தட்டுவேன்."

"எந்தப் பட்டன்னு எங்களுக்கு இன்னாடா தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆனால் ஃபாதர், "விஞ்ஞானமும் ஆண்டவர் கொடுத்ததுதானே, ஜேசு" என்று குறுக்கிட்டு, அந்த நியாயத்தைக் காற்றில் விட்டுவிட்டார்.

ஃபங்ஷன் பாயின்டர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலை செய்கிறவரின் பெயரைச் சொல்லாமல், 'அதோ அங்கே நிற்கிறாரே, அவரைக் கூப்பிடு' என்று கை காட்டுவது. அந்த இடத்தில் இன்றைக்கு ஒரு யோக்கியனை நிறுத்தலாம், நாளைக்கு ஓர் அயோக்கியனை நிறுத்தலாம். கூப்பிடும் வரி மாறாது. இக்னேஷியஸ் இரண்டு ஃபங்ஷன் எழுதினான். ஒன்றின் பெயர் 'குலுக்கு'. அது பெயர்களை நேர்மையாகக் கலைக்கும். இன்னொன்றின் பெயர் 'கோல்மால்'. அதுவும் கலைக்கும், கலைத்துவிட்டு, ஞானகுமாரி எங்கே போனாலும் தேடிப் பிடித்து இக்னேஷியஸின் இடமான ஏழாவது இடத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும். என்டர் தட்டினால் பாயின்டர் குலுக்கைக் காட்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கோல்மாலை.

மற்றது சுலபம். இருபத்து நான்கு பெயர்கள் கொண்ட பட்டியலை, சி மொழியில் அதற்கு அர்ரே என்று பெயர், அந்த ஃபங்ஷனிடம் அனுப்ப வேண்டியது. அது கலைத்துத் திருப்பித் தரும். அனுப்பின வரிசை கொடுக்கிறவர்கள், திரும்பி வந்த வரிசை வாங்குகிறவர்கள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து அச்சடித்தால் ஆயிற்று. இவ்வளவையும் அவன் ஒரே உட்காரலில் எழுதி முடித்தான். காலேஜ் லேபில் பக்கத்து நாற்காலி வேம்புலியிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் வேம்புலி கான்டீன்வரை கூவிக்கொண்டு போவான்.

அச்சடிப்பு அம்பத்தூரில், ஏ.சி. போட்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். கண்காணிப்புக் குழுவாக ஃபாதர், ஜேசுராஜ், சகாயமேரி அக்கா மூவரும் ரயிலேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். மானிட்டரைப் பார்த்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். இக்னேஷியஸ் முதலில் என்டர் தட்டி, கலைந்து வந்த வரிசையை மட்டும் திரையில் காட்டினான்.

"கலைஞ்சிருக்கு," என்று ஃபாதர் சான்று கொடுத்தார்.

"இப்ப நெஜம்," என்று இக்னேஷியஸ் ஸ்பேஸ் பாரைத் தட்டினான்.

காகிதம் வெளியே வருகிற இடத்தை ஜேசுராஜ் ஒரு துண்டால் மூடிவிட்டார். சீட்டு மடிக்கிற பொறுப்பு சகாயமேரி அக்காவுக்கு. கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குத் தன் விரலே ரெண்டாகத் தெரியும் என்பதால், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஃபாதர் தன் ஜேபியில் வாங்கி வைத்துக்கொண்டார். இதுவே பாதுகாப்பு ஏற்பாடு. கொடுப்பவர் பெயர் மட்டும் வெளியே தெரியும்படி அக்கா தடவித் தடவி மடிக்க, ஜேசுராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டேப்ளர் அடித்தார். ஒரு பின் அவர் கட்டைவிரலில் ஏறியது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு சீட்டு விநியோகம். இக்னேஷியஸ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய், தன் சீட்டை ஆசையோடு பிரித்தான். ஜிமிக்கி ஒரு ஜோடி ஏற்கனவே ஆவடி மார்க்கெட்டில் வாங்கி, சிவப்புக் காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தது.

சீட்டில் 'இக்னேஷியஸ்' என்று இருந்தது.

திருப்பிப் பார்த்தான். வெளியேயும் இக்னேஷியஸ். தனக்குத் தானே கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட். புகார் கொடுக்கலாம் என்றால் புரோகிராமைத் திறப்பார்கள். திறந்தால் ஸ்பேஸ் பார். ஆகவே சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்ற இருபத்து மூன்று பேரின் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் ஏதோ ஒரு ரகசியத்தைத் தாங்கின முகத்தோடு நின்றார்கள். தன் ஒருவனுக்குத்தான் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் ஞாயிறு கட்டளை டின் திறந்தது. மற்ற வருஷங்களில் கட்டளைகள் கொடூரமாக இருக்கும்: 'முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு மார்க்கெட்டில் போய்க் கழுதை விலை விசாரிக்கவும்' என்கிற ரகம். ஃபாதர் முதல் சீட்டை வாசித்தார்:

"ஜேசுராஜ், மைக்கில் ஒரு பாட்டுத் தனியாகப் பாட வேண்டும். இடையில் யாரும் நிறுத்தக் கூடாது."

சகாயமேரி அக்கா பன்னிரண்டு வருஷமாக அவரைத் தனியாகப் பாட விட்டதில்லை. "இன்னா பண்றது, கட்டளயாச்சே," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே ஜேசுராஜ் எழுந்தார். பாட்டு எழுதின காகிதம் அவர் பாக்கெட்டில் தயாராக இருந்தது. சுருதி கோயிலைவிட்டு வெளியேறி ரயில்வே லைனைத் தாண்டிப் போனாலும், ஐந்து சரணமும் பாடித்தான் உட்கார்ந்தார்.

"சகாயமேரிக்கு இன்று யாராவது டீ போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த மகராசியோ, என் மனசுல பூந்து பாத்த மாதிரி எழுதிகீறா," என்றாள்.

இப்படியே போயிற்று. ஒருவனை மூன்று தட்டு இடியாப்பம் சாப்பிடச் சொல்லி உத்தரவு. ஒருத்தியை மத்தியானம் முழுக்கத் தூங்கச் சொல்லி உத்தரவு. கடைசியில் ஒரு சீட்டு: 'இக்னேஷியஸ் கோயில் முழுவதையும் பெருக்க வேண்டும்.' யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று அவனே நடுநிலையாக எழுதிப் போட்டது. அந்த வருஷம் தண்டனை அனுபவித்தவன் அவன் ஒருவன்தான்.

"கம்ப்யூட்டர் வந்து அன்பு பெருகியிருக்கிறது," என்றார் ஃபாதர். இக்னேஷியஸ் பெருக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் லேபில் பொறுக்க முடியாமல் புரோகிராமை வேம்புலியிடம் காட்டினான். வேம்புலி திருமழிசைக்காரன், கடைசி பெஞ்சில் தூங்கினாலும் பாயின்டர் என்றால் எழுந்து உட்காருகிறவன். படித்தான். திரும்பவும் படித்தான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்தான்.

"இன்னா மாமே, குலுக்கல் எழுதச் சொன்னா மொகம் பாக்கற கண்ணாடி எழுதிவெச்சிகீற?"

"இன்னாடா சொல்ற?"

"அர்ரேவ ஃபங்ஷனுக்கு அனுப்பனா இன்னா போவும்?"

"காப்பி போவும்."

"உன் மானம்தான் போவும். காலேஜ்ல சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்ட ஆபீஸ்ல வாங்கி வெச்சிகினாங்களே, அதுக்கு ஒரு காப்பி தானா உன் ஊட்டு பீரோல மொளச்சிச்சா? இதுவும் அப்டித்தான். அர்ரே போவாது, அத்தோட வெலாசம்தான் போவும். ஃபங்ஷன் அந்த வெலாசத்தப் புடிச்சிகினு நேரா ஊட்டுக்கே வந்து, அசலயே கலைச்சிப் போட்டுட்டு, அதே வெலாசத்த உன் கைல திருப்பிக் குடுக்குது. நீ குடுக்கறவன்னு நெனச்சதும் அந்த லிஸ்ட்தான், வாங்கறவன்னு நெனச்சதும் அதே லிஸ்ட்தான்."

"அப்ப எனக்கு என் பேரு வந்தது..."

"உனுக்கு மட்டுமா? இருவத்தினாலு பேருக்கும் அவங்கவங்க பேருதான்." வேம்புலி திரையைத் தட்டினான். "ஆனா ஒண்ணு, ஃபங்ஷன் பாயின்டர் சூப்பரு மச்சான். கோல்மால் சொன்ன வேலயச் செஞ்சிகீது. ஞானகுமாரிய கரெக்டா ஏழாவது எடத்துல கொணாந்து குந்தவெச்சிகீது. எதுர்லயும் ஏழாவது எடத்துல அவங்களே குந்திகீறாங்க, அவ்ளோதான்."

இக்னேஷியஸுக்கு ஐந்து சரணம் நினைவுக்கு வந்தது. டீ நினைவுக்கு வந்தது. மூன்று தட்டு இடியாப்பம் நினைவுக்கு வந்தது. தங்களை ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்பி, இருபத்து நான்கு பேரும் தங்களுக்குத் தாங்களே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் சிரித்த சிரிப்பில் லேப் அசிஸ்டென்ட் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்.

வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. வெளிப்படும் ஞாயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அதற்கு முன் மூன்றாம் ஞாயிறு வந்தது. ஃபாதர் டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"ஞானகுமாரி, இக்னேஷியஸின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ரயில்வே கேட்வரை போய் வர வேண்டும்."

கோயில் 'ஓ' என்றது. "ஐயையோ, யாரு ஃபாதர் இது, நெஞ்சுல எரக்கமே இல்லாத ஃப்ரெண்டு!" என்று ஞானகுமாரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே போதுமான இடைவெளி இருந்தது.

அதை யார் எழுதியது என்று அவளைத் தவிர உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்குக் காது மடல் சுட்டது.

கேட் மூடியிருந்தது. மிலிட்டரிக்கான கிளைத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி, தார்ப்பாய் போர்த்திய லாரிகளைச் சுமந்துகொண்டு, போவதா வருவதா என்று முடிவு செய்யாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"கேரியர் கம்பி குத்துது," என்றாள் ஞானகுமாரி. "ஒரு துணியாச்சும் மடிச்சி வெச்சிருக்கக் கூடாது?"

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பேன்."

"எனக்கே இப்பத்தான தெரியும்," என்றாள் அவசரமாக.

இங்கே இக்னேஷியஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவன் சந்தோஷத்தில் இருந்தான். சந்தோஷத்தில் இருக்கிறவன் உண்மை பேசிவிடுவான்.

"உன் சீட்டுல யார் பேருன்னு எனக்குத் தெரியும்," என்றான். "உன் பேரு."

தார்ப்பாய் லாரிகள் நாலு நகர்ந்தன. அவள் கேரியரிலிருந்து இறங்கினாள். "எனக்கு மட்டும் வேணும்னே அப்டிப் பண்ணியா?"

"இல்லப்பா, எல்லாருக்கும் அப்டித்தான். புரோகிராம்ல தப்பு."

"எல்லாருக்குமா? ஜேசுராஜ் அண்ணன் பாடுனது?"

"அவரே எழுதுனது."

"சகாயமேரி அக்கா டீ?"

"அக்காவே."

"அப்ப நீ கோயில் பெருக்குனது?"

"நானே."

"லூசா நீ? உனக்கு நீயே பெருக்கச் சொல்லிகினியா?" அவள் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். திடீரென்று சிரிப்பு அறுந்தது. நிமிர்ந்தாள். "அப்ப... இன்னிக்கி கட்டள..."

"ம்."

"ஃபாதர் படிக்கும்போதே உனக்குத் தெரியும்?"

"ம்."

"தெரிஞ்சிகினே கம்முனு மிதிச்சிகினு வந்த?"

நானும் உன்னைத்தான், அதற்காகத்தான் இவ்வளவும், என்று அவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஹாரன் அடித்தது. மிலிட்டரி ஹாரன், சீக்கிரம் நிற்காது. நின்றபோது ஞானகுமாரி கோயிலை நோக்கிப் பாதித் தூரம் நடந்திருந்தாள்.

அந்த வாரம் அவன் பூத்துக்குப் போனான். அவன் தலை தெரிந்ததும் அவள் 'லைன் வேலை செய்யவில்லை' என்ற போர்டைக் கண்ணாடியில் திருப்பி மாட்டினாள். உள்ளே ஒருவர் பெங்களூருக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. ஜிமிக்கிப் பொட்டலம் சட்டைக்குள். 'எதுக்கும் இருக்கட்டும் மாமே' என்று வேம்புலி வாங்கிக் கொடுத்த ஷேவிங் பிரஷ் கையில். ஞானகுமாரி பெண்கள் வரிசையின் கடைசியில், மடியில் ஒரு பெரிய பார்சலோடு, அவன் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் என்ற முறையில் முதலில் ஜேசுராஜ் எழுந்தார். பரிசைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"ஃபாதர், என் சீட்டுல ஒரு சின்னப் பெசகு ஆயிப்போச்சு. என் பேரே வந்துடுச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸு, அதான்..."

"ஐயோ, எனக்கும்தான்!" என்று சகாயமேரி அக்கா கத்தினாள். அதற்கப்புறம் அடைத்த குழாய் திறந்துகொண்ட மாதிரி நாலு பக்கமும் 'எனக்கும்', 'எனக்கும்'. இடியாப்பக்காரன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். எல்லோரும் எல்லோருடைய கட்டளையையும் நினைத்துப் பார்த்தார்கள். அப்புறம் எழுந்த சிரிப்பில் புறா ஒன்று மணிக்கூண்டிலிருந்து பறந்தது.

"அப்ப அண்ணாத்த, நீயேதான் பாடச் சொல்லிகினியா?" என்று கேட்டான் இடியாப்பக்காரன்.

"நீ மட்டும் யோக்கியமா? மூணு தட்டு!" என்ற ஜேசுராஜ், பேச்சைத் திருப்பும் அவசரத்தில், "அது கெடக்கட்டும், அந்தச் சைக்கிள்ல போவச் சொன்னது..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

ஆனால் பாதியே போதுமானதாக இருந்தது. இருபது தலைகள் பெண்கள் வரிசையின் கடைசிக்குத் திரும்பின. ஞானகுமாரி பார்சலுக்குள் போய்விடுகிறவள் மாதிரி குனிந்தாள். இந்தத் தடவை விரலுக்கு நடுவே இடைவெளி இல்லை.

இக்னேஷியஸ் எழுந்தான். ஷேவிங் பிரஷைப் பெஞ்சில் வைத்தான். சட்டைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தான். ஜிமிக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஆடியது.

"டேய்," என்றார் ஜேசுராஜ். "அத்த நீ போட்டுக்கப் போறியா?"

"இல்லண்ணே. சீட்டு வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன், ஞானகுமாரிக்கு. அவங்க பேரு எனக்கு வரணும்னு வேற ஃபங்ஷன் எழுதி, அம்பத்தூர்ல ஸ்பேஸ் பாரத் தட்டுனேன். என்டர் இல்ல. அதுல தப்பாயி எல்லாருக்கும் இப்டி ஆயிடுச்சு. சிரிக்கறதா இருந்தா என்னப் பாத்துச் சிரிங்க."

"எந்தப் பட்டன்னு நான் அன்னிக்கே கேட்டேனா இல்லயா!" என்றார் ஜேசுராஜ், வெற்றியோடு.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஞானகுமாரி எழுந்திருந்தாள். மடியிலிருந்த பார்சலை அவளே கிழித்தாள். உள்ளே, பச்சை ரெக்ஸின் போட்டு, கட்டுவதற்கு நாலு நாடாவோடு, சைக்கிள் கேரியருக்கு வைக்கும் குஷன் ஒன்று.

"எனக்கு நானே வாங்கிகினேன்," என்றாள் ஃபாதரைப் பார்த்து. "கம்பி குத்துது ஃபாதர்."

"உன்னாண்ட சைக்கிளே இல்லயேடி!" என்றாள் சகாயமேரி அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்து, "ஆ" என்று வாயை மூடிக்கொண்டாள். கோயில் போட்ட கூச்சலில் ரயில்வே கேட்கீப்பர் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

ஃபாதர் தீர்ப்பு கொடுத்தார்: மோசடிக்காக இக்னேஷியஸ் ஒரு மாதம் கோயில் பெருக்க வேண்டும். பழகின வேலை.

சைக்கிள் ஸ்டாண்டில் அவன் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜேசுராஜ் வந்து பக்கத்தில் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தத் தப்ப சரி பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. ஒரு வரிதான், இன்னொரு அர்ரேல காப்பி எடுத்து அனுப்பனா சரியாயிடும்."

"அடுத்த வருசம் வரிக்கும் தொடாத," என்றார் அவர். "வேற எவன்டா என்னப் பாடச் சொல்லுவான்?"

ஞானகுமாரி வந்து குஷனை அமுக்கிப் பார்த்து ஏறி உட்கார்ந்தாள். காதில் ஜிமிக்கி. யாரும் கட்டளை போடாமலே சைக்கிள் கேட்டை நோக்கிப் போயிற்று. கேட் மூடியிருந்தது; இரண்டு பேருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.